இணையவழிப் பட்டப்படிப்பு: கட்டணத்துக்கு அப்பால் எவ்வளவு? திருவனந்தபுரம் சாலைக் குடும்பங்களுக்கான செலவு விளக்கம்

திருவனந்தபுரம்: பகலில் கடை, இரவில் படிப்பு என்ற ஏற்பாட்டில் பட்டம் பெற விரும்பும் இளைஞர்களுக்கு இணையவழிக் கல்வி இன்று முதன்மையான வாய்ப்பாக அமைந்துள்ளது. இப்படிப்புகளின் கட்டணம் கல்லூரிக் கட்டணத்தை விடக் குறைவு என்ற எண்ணம் பெரும்பாலும் சரியானதே. எனினும், அரசின் உதவித்தொகைகளிலும் வட்டிச் சலுகைகளிலும் பல, நேரடி வகுப்பில் பயில்வோருக்காக வகுக்கப்பட்டவை. எனவே கட்டணத்தில் மிச்சமாகும் தொகை, உதவி கிடைக்காமையாலும் தவறான கடனாலும் கைவிட்டுப் போகக்கூடும். சேர்க்கைக்கு முன்னரே முழுச் செலவையும் கணக்கிட்டு, கூடுமானவரை பருவந்தோறும் கட்டிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதி, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. பலசரக்கு, காய்கறி, பாத்திரம், துணி, நகை என அனைத்துக்கும் மொத்தச் சந்தையாக விளங்கும் இவ்வீதியில் தமிழ் பேசும் வணிகர்களும் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அரசுத் தமிழ்ப் பள்ளியும் இங்கு உள்ளது. 12-ஆம் வகுப்பை முடித்த பின் கடையில் அமரும் பிள்ளைகளுக்கு, காலை பத்து மணிக்குத் தொடங்கும் கல்லூரி எட்டாக்கனியே. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஜூன் மாதம் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தமிழிலும் நடத்தப்பட்டதால், திரையின் முன் அமர்ந்து பாடம் கேட்பது இப்பகுதிக் குடும்பங்களுக்குப் புதிதன்று.

சாலை என்ற சொல்லுக்கே பழங்காலத்தில் கல்வி நிலையம் என்ற பொருள் இருந்தது. முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை, இன்றைய வலியசாலைப் பகுதியுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. அதன் நெறிமுறையைப் பின்பற்றி, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திபபுரத்தில், 95 மாணவர்களுக்கான சாலையை நிறுவியதைச் செப்பேடு தெரிவிக்கிறது. அம்மாணவர்களின் உணவுக்கும் பிற செலவுகளுக்கும் நிலம் விடப்பட்டிருந்தது. அந்தச் சாலைகளில் செலவு கொடையாளரின் பொறுப்பு. இன்றைய இணையவழி மாணவருக்கோ அது முழுவதும் குடும்பத்தின் பொறுப்பு.

முதலில் அங்கீகாரம்

அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்குச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் வீண் என்பதால், செலவுத் திட்டம் இங்கிருந்தே தொடங்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், திறந்தநிலை மற்றும் தொலைநிலைக் கல்வியை ஒரு முறையாகவும், இணையவழிக் கல்வியை மற்றொரு முறையாகவும் பிரிக்கின்றன. உரிய அனுமதியுடன் வழங்கப்படும் இவ்விரு வகைப் பட்டங்களும் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானவை என்பதை யுஜிசி 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது.

கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தொலைநிலைக் கல்வியைத் தன் எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம். ஆகவே, தமிழ்வழியில் படிக்க விரும்பி நாகர்கோவிலிலோ சென்னையிலோ உள்ள உறவினர் மூலம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைப் படிப்பில் சேர்வதும், திருவனந்தபுரத்தில் இயங்குவதாகக் கூறப்படும் ‘மையம்’ ஒன்றின் வழியாகச் சேர்வதும் பின்னாளில் சிக்கலாகக்கூடும். முழுமையான இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அதே பல்கலைக்கழகம் இணையவழி முறைக்குத் தனியே அனுமதி பெற்றிருந்தால், சாலையில் இருந்தபடியே சேரலாம்.

இது வெறும் விதிநுட்பம் அன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையே அங்கீகாரம் வழங்கப்பட்டிருந்தது என்று 2022 மார்ச் மாதம் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் கவலைக்குள்ளாயினர். பெயர் பெற்ற, தொன்மையான பல்கலைக்கழகம் என்பது மட்டும் போதாது. சேரும் ஆண்டு, சேரும் பாடம், சேரும் முறை ஆகிய மூன்றுக்கும் அனுமதி உள்ளதா என்பதை யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். 2024 முதல், இந்திய மாணவர்கள் சேர்க்கைக்கு முன் அதே தளத்தில் ‘டெப்’ அடையாள எண் பெறுவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் முகவரிடம் எச்சரிக்கை தேவை.

பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் போன்ற பட்டங்கள் தொலைநிலையிலோ இணையவழியிலோ அனுமதிக்கப்படுவதில்லை. உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட சில நலவாழ்வுத் துறைப் படிப்புகளையும் 2025-ஆம் ஆண்டு யுஜிசி இம்முறைகளிலிருந்து விலக்கியது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் கிளை உரிமையைப் பெற்றுப் பட்டம் வழங்குவதும் விதிமீறல் என 2022 ஜனவரியில் எச்சரிக்கப்பட்டது. பாடக் காணொலியை அந்நிறுவனம் தயாரிக்கலாம். சேர்க்கையும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். கட்டண இரசீது யார் பெயரில் வருகிறது என்பதே இதை அறிய எளிய வழி.

வரிக் கணக்கிலும் இந்த வேறுபாடு வெளிப்படும். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கான கல்விக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. தனியார் பயிற்சி நிறுவனங்களின் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு 18 சதவீத வரி உண்டு. ‘பட்டப்படிப்பு’ என்று கூறிக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால், உண்மையில் வாங்குவது என்ன என்று கேட்பது நியாயம்.

கட்டண வேறுபாடுகள்

1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், அதற்கு மாநில எல்லை இல்லை. திருவனந்தபுரத்தில் மண்டல மையமும் உண்டு. இதன் இளங்கலைப் படிப்புகள் பலவற்றில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அச்சிட்ட பாடநூல்களைத் தவிர்த்து மின்வடிவில் பெறுவோருக்கு 15 சதவீதக் கட்டணச் சலுகையும் வழங்கப்பட்டு வருகிறது. மூன்றாண்டு இளங்கலையை அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்பது உழைத்துக்கொண்டே படிப்போருக்குப் பெரும் வசதி.

2020 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. இது மாநில அரசின் பல்கலைக்கழகம். படிப்புகள் தொலைநிலை வகையைச் சேர்ந்தவை.

சென்னை ஐஐடி 2020-இல் அறிமுகப்படுத்திய தரவு அறிவியல் இளநிலைப் படிப்பின் கட்டண முறை, இத்துறையில் பின்பற்றத்தக்க முன்மாதிரி எனலாம். நான்கு மாதப் பருவம் ஒவ்வொன்றிலும் மாணவர் எத்தனை பாடங்களுக்குப் பதிவு செய்கிறாரோ, அவற்றுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். முழுப் பட்டத்துக்கும் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றாலும், குடும்ப ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்கு உட்பட்டோருக்கு 75 சதவீதமும், 5 இலட்சம் வரை உள்ளோருக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தனிச் சலுகைகள் உள்ளன. அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, இளநிலைப் பட்டம் எனப் படிப்படியாக வெளியேறும் வாய்ப்பும் இருப்பதால், பாதியில் நின்றவரும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இணையவழி வணிக நிர்வாக, கணினிப் பட்டங்களுக்கு மூன்றாண்டுக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டுவது வழக்கம். விளம்பரங்களும் தொலைபேசி அழைப்புகளும் அதிகம் வருவது இவற்றிடமிருந்தே.

கணக்கில் வராத செலவுகள்

கட்டணப் பட்டியலில் இடம்பெறாத செலவுகளில் முதலாவது தேர்வுக் கட்டணம். இக்னோவில் ஒரு தாளுக்கு 200 ரூபாய் என்ற அளவில் தேர்வுக்கெனத் தனியே கட்ட வேண்டியுள்ளது. ஆண்டுக்கு எட்டுத் தாள் எழுதுவோருக்கு இது 1,600 ரூபாய். தோல்வியுற்ற தாளை மீண்டும் எழுதினால் மீண்டும் கட்டணம். சென்னை ஐஐடி படிப்பில் ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அப்பாடத்துக்கான முழுக் கட்டணத்தையும் மறுபடி செலுத்திப் படிக்க வேண்டும். ஆகவே, முதல் பருவத்தில் குறைந்த பாடங்களை எடுத்து அனைத்திலும் தேறுவது, அதிகம் எடுத்து இரண்டைத் தவற விடுவதை விட மலிவானது.

அடுத்தது கருவியும் இணைய இணைப்பும். காணொலிப் பாடம் கேட்கக் கைபேசி போதும். ஒப்படைப்புகளைத் தட்டச்சு செய்யவும் நிரல் எழுதவும் கணினி வேண்டும். கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடியிழை வலையமைப்பு 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டபோது, வீட்டு இணைப்புக்கான தொடக்கக் கட்டணம் மாதம் 299 ரூபாய், வரி தனி, என அறிவிக்கப்பட்டது. அவ்வீதம் 36 மாதங்களுக்குக் கணக்கிட்டால் 10,764 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்குவதும் அத்திட்டத்தின் பகுதி. முதற்கட்டமாக 14,000 குடும்பங்கள் இலக்காக வைக்கப்பட்டன. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது கேரள உயர் நீதிமன்றமே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. வீட்டில் அமைதியான இடம் இல்லாதவர்களுக்கு, 1829-இல் தொடங்கப்பட்ட பாளையம் பொது நூலகம், இன்றைய மாநில மத்திய நூலகம், நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.

மூன்றாவது செலவை எவரும் எழுதி வைப்பதில்லை. அது இழக்கும் கூலி. இணையவழிப் படிப்பாக இருந்தாலும், பல நிறுவனங்களில் தேர்வை நேரில் மையத்துக்குச் சென்றே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி பெறும் ஒருவர் தேர்வுக்கும் செய்முறை வகுப்புக்குமாக ஆண்டுக்கு 10 நாள் வேலைக்குச் செல்லாவிட்டால், மூன்றாண்டில் 24,000 ரூபாய் இழப்பார். குறைந்த கட்டணப் படிப்புகளில் இத்தொகை மூன்றாண்டுக் கல்விக் கட்டணத்தையே மிஞ்சிவிடும். மாதச் சம்பளம் பெறும் கடை ஊழியருக்கு இது விடுப்பாக அமையலாம். சுமைதூக்கும் தொழிலாளிக்கோ அன்றைய அடுப்பு சார்ந்த கேள்வி. வீட்டுக் கணக்கில் இது ‘கல்வி’ என்ற தலைப்பின் கீழ்த்தான் எழுதப்பட வேண்டும்.

உதவித்தொகை யாருக்கு?

இங்குதான் இணையவழி மாணவர் பின்தங்குகிறார். 12-ஆம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற, குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகை, இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் அது முறையான நேரடிப் படிப்புக்கு மட்டுமே. அஞ்சல்வழி, தொலைநிலைப் படிப்புகளுக்கு இல்லை. ஒரே மதிப்பெண், ஒரே வருமானம் கொண்ட இருவரில் கல்லூரிக்குச் செல்பவர் மூன்றாண்டில் 36,000 ரூபாய் பெறுகிறார். கடையில் நின்றபடி படிப்பவர் ஒன்றும் பெறுவதில்லை. உதவி அதிகம் தேவைப்படுபவர் யார் என்ற கேள்வியை இவ்விதி எழுப்புகிறது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான, 2.5 இலட்சம் ரூபாய் வருமான வரம்பு கொண்ட மத்தியக் கல்வி உதவித்தொகைத் திட்டம் இதற்கு ஒரு விலக்கு. அதன் விதிகளில் அஞ்சல்வழிப் படிப்புக்கும் இடமளிக்கப்பட்டு வந்துள்ளது. கேரளத்தில் இத்தகைய உதவிகளுக்கான விண்ணப்பம் ‘இ-கிராண்ட்ஸ்’ இணையதளம் வழியாகப் பெறப்படுகிறது. தேர்ந்தெடுத்த படிப்பு அதில் இடம்பெறுகிறதா என்பதைச் சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

பிற நாடுகளில் நிலை வேறு. 1969-இல் அரச சாசனம் பெற்றுத் தொலைநிலைக் கல்விக்கு முன்னோடியான பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இங்கிலாந்தைச் சேர்ந்த பகுதிநேர மாணவர்கள் 2012 முதல் அரசின் கட்டணக் கடனைப் பெற முடிகிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் இணையவழி மாணவர்களும் மத்திய அரசின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு கட்டணமும் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணத்துக்கு வழி

பிள்ளை இன்னும் பள்ளியில் படிக்கும் குடும்பத்துக்குச் சேமிப்பே முதல் வழி. அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் மாதம் 1,000 ரூபாய் செலுத்தினால், 6.7 சதவீத வட்டியில் முதிர்வின்போது ஏறக்குறைய 71,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் தொடங்கினால், 12-ஆம் வகுப்பு முடியும்போது கையில் இருக்கும் இத்தொகை அரசுத் திறந்தநிலைப் படிப்பு ஒன்றுக்குத் தாராளமாகப் போதும்; கணினியும் வாங்கலாம். பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், 18 வயதுக்குப் பின் அல்லது 10-ஆம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின், முந்தைய நிதியாண்டின் இறுதியில் இருந்த தொகையில் பாதி வரை உயர்கல்விக்காக எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ இதற்கு ஆதாரம்.

சாலைப் பகுதியில் பழகிய வழி சீட்டு. 1969-இல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டிகள், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்துக்கு உட்பட்டவை. மாதம் 2,500 ரூபாய் வீதம் 40 மாதங்களுக்கான ஒரு இலட்சம் ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்க மாதத்திலேயே 30 சதவீதத் தள்ளுபடியில் ஏலம் எடுப்பவர் கையில் 70,000 ரூபாய் பெறுவார். நடத்துநர் கழிவு 5,000 போக, எஞ்சிய 25,000 ரூபாய் உறுப்பினர் 40 பேருக்கும் பிரிக்கப்பட்டு, அம்மாதத் தவணை 625 ரூபாய் குறையும். முன்னதாக எடுப்பவருக்கு இது கடன். கடைசி வரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. படிப்புக்காக எடுப்பதாயின், ஆண்டுக் கட்டணமாகச் சில ஆயிரம் மட்டுமே தேவைப்படும் நிலையில் முழுச் சீட்டையும் தள்ளிப் பிடிப்பதில் பொருளில்லை. ஏலம் எடுத்த பின் பிணை கொடுத்தால்தான் பணம் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நகையடகு அவசரத்துக்கு உதவும். ஆயினும் கால அளவு பொருந்தாது. வட்டியையும் அசலையும் இறுதியில் ஒரே தொகையாகச் செலுத்தும் நகைக்கடன், நுகர்வுத் தேவைகளுக்கு 12 மாதங்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் வரம்பு. படிப்போ மூன்றாண்டு. பட்டத்தால் வருமானம் உயர்வதற்கு முன்பே நகையை மீட்க வேண்டியிருக்கும். ஒரு பருவக் கட்டணத்துக்கான இடைக்கால ஏற்பாடாக மட்டும் இதைக் கொள்ளலாம்.

வங்கிக் கல்விக்கடனில், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை மாணவர் தம் பங்காக முன்பணம் செலுத்தத் தேவையில்லை, 7.5 இலட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்கிறது. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை விலக்கு, அதன் பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தும் வசதி ஆகியன உண்டு. 2024 நவம்பர் 6-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கானது. குடும்ப வருமானம் 8 இலட்சம் வரை உள்ளோருக்கு 10 இலட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. நிறுவனம் அப்பட்டியலில் இருந்தாலும், அதன் இணையவழிப் படிப்பும் சலுகைக்கு உட்பட்டதா என்பதை வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே முறை. கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டெனினும், அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கே பயன்படும்.

மாதத் தவணை என்னும் வலை

தனியார் இணையவழிப் படிப்புகளில் சேர்க்கையின்போதே ‘எளிய மாதத் தவணை’ முன்வைக்கப்படுகிறது. பல நேரங்களில் அது கல்வி நிறுவனம் தரும் தவணையன்று. வங்கி சாராத நிதி நிறுவனம் ஒன்று மாணவரின் அல்லது பெற்றோரின் பெயரில் வழங்கும் கடன். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது.

வட்டி கூறப்படும் விதத்திலும் நுட்பம் உண்டு. 1,20,000 ரூபாயை மூன்றாண்டுக்கு 12 சதவீதத்தில் பெறுவதாகக் கொள்வோம். குறையும் இருப்பின் மீது வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 3,986 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 23,500. அதே 12 சதவீதம் ‘ஃபிளாட்’ முறையில் என்றால், அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் மூன்றாண்டு வட்டி கணக்கிடப்படும். அப்போது வட்டி 43,200 ரூபாய். தவணை 4,533 ரூபாய். உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21 சதவீதம். இரண்டும் விளம்பரத்தில் ‘12 சதவீதம்’ என்றே தோன்றும்.

எனவே கேட்க வேண்டியது வட்டி வீதத்தை மட்டுமன்று. கையில் பெறும் தொகை எவ்வளவு, மொத்தம் திருப்பிக் கட்டும் தொகை எவ்வளவு என்பதை. மின்னணுக் கடன் குறித்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அனைத்துக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் கொடுப்பவர் முன்கூட்டியே தர வேண்டும். அபராதமின்றிக் கடனிலிருந்து விலகிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. தொலைபேசியில் பேசிய உற்சாகத்தில் ஓடிபி எண்ணைப் பகிர்ந்துவிட்ட பெற்றோர், மறுநாள் காலையிலேயே இந்த உரிமையைப் பயன்படுத்தலாம்.

செலவைக் குறைக்கும் வாய்ப்புகள்

மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்துகின்றனர். என்பிடெல் பாடங்களுக்கு இது 1,000 ரூபாய் அளவில் இருந்து வந்துள்ளது. யுஜிசியின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பெறும் கிரெடிட்டுகளை ஏற்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி உண்டு. ஏற்பதா என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். பட்டம் தேவையா, ஒரு குறிப்பிட்ட திறன் தேவையா என்ற தெளிவு இன்னும் இல்லாத மாணவர், ஸ்வயத்தில் ஒரு பாடத்தை முழுமையாக முடித்துப் பார்த்த பின் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டலாம். தனியே அமர்ந்து படிக்கும் பழக்கம் தமக்கு வருமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பெற்ற கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கல்வி கிரெடிட் வங்கி 2021-இல் ஏற்படுத்தப்பட்டது. இதில் கணக்கு தொடங்கி வைப்பவர், இடையில் படிப்பை நிறுத்தி வேறு நிறுவனத்தில் தொடர நேர்ந்தால், கட்டிய பணத்தின் பயனை ஓரளவு காத்துக்கொள்ளலாம்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இக்னோ சேர்க்கை ஜனவரி, ஜூலை ஆகிய இரு பருவங்களில் நடைபெறுகிறது. பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில். ஜூன் மாதம் சாலையில் பள்ளித் திறப்புக் காலம். பை, குடை, நோட்டு விற்பனையால் கடைகளில் விடுப்புக் கிடைப்பது அரிது. டிசம்பரில் சபரிமலைப் பருவமும் கிறிஸ்துமஸ் விற்பனையும் சேர்ந்துவிடும். சென்னை ஐஐடியின் மே பருவ இறுதித் தேர்வு ஆகஸ்ட் இறுதியை ஒட்டி வருவது வழக்கம். பல ஆண்டுகளில் அது ஓண வியாபாரத்தின் உச்சம். மறுபுறம், கடை ஊழியர்களுக்கு ஓணத்தை ஒட்டி வரும் போனஸ், சேர்க்கைக் கட்டணத்துக்கு உதவும். தேர்வுகள் குறித்த அட்டவணை வெளியானதும் கடை உரிமையாளரிடம் விடுப்பு நாள்களை முன்கூட்டியே பேசிக்கொள்வதும், இயலாத தாள்களை அடுத்த பருவத்துக்கு ஒத்தி வைப்பதும் நடைமுறையில் சாத்தியமானவை. இக்னோவில் எழுதும் தாள்களுக்கு மட்டுமே தேர்வுக் கட்டணம் என்பதால், ஒத்தி வைக்கும் தாளுக்கு அப்பருவத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை.